விளக்குக்கு எண்ணெய் வாங்கியது யார்?

அடி அண்ணாமலை
22-8-1983

அன்புத் தம்பி சகாதேவனுக்கு,

அக்கா ஆதிலட்சுமி எழுதுவது. நானும் சந்திரகலாவும் அண்ணாமலையார் புண்ணியத்தில் சுகம். நீயும் உண்ணாமுலையும் எப்படி இருக்கிறீர்கள்? போன மாசம் அவளுக்குப் பல்வலி என்று எழுதியிருந்தாயே, பிடுங்கியாயிற்றா?

சேதிக்கு வருகிறேன். தம்பி, நான் உன் மாமாவைப் பார்த்தேன்.

பதறாமல் முழுக்கப் படி. நேற்று எதிர்வீட்டு ராஜம்மாள் டவுனுக்கு மேட்னி பார்க்க என்னை இழுத்துக்கொண்டு போனாள். எல்லாரும் அதை 'விளக்குப் படம்' என்கிறார்கள். புருஷன் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுகிறான். பெண்டாட்டி பன்னிரண்டு வருஷம் வாசலில் ஒரு விளக்கை அணையவிடாமல் காத்திருக்கிறாள். கடைசியில் அவன் வந்து காலில் விழுகிறான். தியேட்டர் முழுக்க மூக்குச் சிந்துகிற சத்தம். ராஜம்மாளுக்கு முந்தானையே நனைந்துபோனது.

நான் அழுதது அதற்கு இல்லை. இடைவேளைக்கு அப்புறம் அந்தப் புருஷன் ஊர் ஊராக அலைவதைக் காட்டுகிறார்கள். ரயில் வருகிறது, கடற்கரை வருகிறது, அப்புறம் நம்ம மலை! தீபத்துக்கு சனம் மலை சுற்றி வருகிறது. நம்ம ஊர் எல்லையில் இருக்கிற மைல்கல்கூடத் தெரிகிறது. அந்தக் கூட்டத்தில் தலையில் துண்டு கட்டிக்கொண்டு, நெற்றி நிறைய விபூதியோடு, நேராக என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நடந்து வருகிறார். இடது புருவத்தில் மாடு முட்டின தழும்பு. பத்து எண்ணுவதற்குள் போய்விட்டார். சத்தியமாக அவர்தான்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். பின்னாலிருந்து, "உக்காரும்மா, மறைக்குது!" என்று கத்துகிறார்கள். ராஜம்மாள் கையைப் பிடித்து இழுத்து, "இன்னாடி, பேய் அறைஞ்சாப்பல நிக்கிற?" என்றாள். "அதோ போறாரு பாரு"ன்னு காட்டினேன். அவள் பார்ப்பதற்குள் வேறு ஊர் வந்துவிட்டது.

ஏழு வருஷம் ஆகிறது தம்பி. பெங்களூரில் கட்டட வேலை, ஒரு மாசத்தில் வந்துடறேன் என்று சொல்லிப் போனவர். படம் இப்போதுதான் வந்திருக்கிறது, அப்படியென்றால் போன தீபத்துக்கு எடுத்திருப்பார்கள். போன தீபத்துக்கு அவர் நம்ம ஊர் வழியாக நடந்திருக்கிறார். வீட்டுக்கு வர முகமில்லாமல் அப்படியே போயிருப்பார். பைத்தியக்கார மனுஷன்! நான் என்ன அடிக்கவா போகிறேன்?

நீ பிலிம் கழுவுகிற இடத்தில்தானே வேலை செய்கிறாய். எப்போது எடுத்தார்கள், அவர் யாருடன் வந்தார், எல்லாம் விசாரித்து எழுது.

இன்னொன்று. நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற அம்மாள் மகளோடு போய் இருக்கப் போகிறாளாம். அந்த வேலைக்கு எழுதிப்போடச் சொல்லி ரேணுகாம்பாள் டீச்சர் ஒரு விண்ணப்பப் பாரம் கொண்டுவந்து கொடுத்தாள். அதில் 'கணவனால் கைவிடப்பட்டவர்' என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். கண் முன்னால் சிரித்துக்கொண்டு நடந்து வருகிற மனுஷன் என்னைக் கைவிட்டார் என்று எப்படி எழுதுவேன்? மடித்து அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

பதிலைத் தள்ளிப்போடாதே.

உன் அக்கா
ஆதிலட்சுமி


வடபழனி, சென்னை
29-8-1983

அக்காவுக்கு,

தம்பி சகாதேவனின் வணக்கம். பல் பிடுங்கியாயிற்று. உண்ணாமுலை இப்போது முறுக்குக் கடிக்கிறாள். சந்திரகலாவை ஒழுங்காகப் படிக்கச் சொல்.

உன் கடிதம் வந்தது. உண்ணாமுலை மூன்று தடவை படித்துக் காட்டச் சொன்னாள். நல்லவேளையாக அந்தப் படம் எங்கள் லேபுக்கு வந்ததுதான். ஆனால் அக்கா, நான் கழுவுகிறவன் இல்லை. எத்தனை தடவை சொன்னாலும் ஊர் முழுக்க 'என் தம்பி பிலிம் கழுவுறான்' என்றே சொல்லி வைத்திருக்கிறாய். நெகடிவைப் பார்த்து வெட்டி ஒட்டுவதுதான் என் வேலை. அந்தப் படத்தைப் பக்கத்து மேஜை வேணு அண்ணன் செய்தார். அவரைக் கேட்டு அந்தத் துண்டை நானே விளக்கில் வைத்துப் பார்க்கிறேன். எந்த ஊர், எந்தத் தேதி என்று பிலிம் டப்பா மேலேயே எழுதியிருக்கும். ஒரு வாரத்தில் உனக்குத் தெரிந்துவிடும்.

அதுவரை மனசைத் தேற்றிக்கொண்டு வேளாவேளைக்குச் சாப்பிடு. மாமா ஊரைவிட்டுப் போனபோது பதினெட்டு நாள் நீ சோற்றைத் தொடாமல் சுருண்டு கிடந்ததை நான் மறக்கவில்லை.

உன் தம்பி
சகாதேவன்


அடி அண்ணாமலை
9-9-1983

தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். உடம்பெல்லாம் நன்றாக இருக்கிறது. நன்றாக என்றால் ரொம்ப நன்றாக. தலையில் பூ வைக்கிறேன், ராஜம்மாளே கண் வைக்கிறாள்.

நாலு தடவை பார்த்தாகிவிட்டது. மல்லாட்டைக் காட்டில் கடலை பறிக்கிற வேலை மத்தியானத்தோடு முடிந்தால் நேராக மேட்னிதான். அவர் கொஞ்சமும் மாறவில்லை தம்பி. ஏழு வருஷத்தில் ஒரு முடி நரைக்கவில்லை, எனக்குத்தான் முன்மண்டை வெளுத்துவிட்டது. ஆம்பளைக்கு என்ன, கவலையில்லாத உடம்பு. அவர் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொள்ளும். அப்புறம் திரையில் என்ன ஓடுகிறதென்றே தெரியாது, எல்லாம் கலங்கிப்போகும். முந்தானையால் துடைத்துவிட்டுப் பார்த்தால் அந்தப் பெண் விளக்கைத் துடைத்துக்கொண்டிருப்பாள்.

அந்தப் பெண்ணை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஊரே சிரிக்கிறது, அவள் அசையவில்லை. கூடப் பிறக்காத பிறப்பு மாதிரி இருக்கிறாள். போன வெள்ளிக்கிழமையிலிருந்து நானும் வாசலில் விளக்கு வைக்கிறேன். இந்தத் தீபத்துக்கு அவர் வந்தே தீருவார். போன வருஷம் எட்டிப் பார்த்தவர் இந்த வருஷம் உள்ளே வருவார். நான் அந்த மைல்கல் பக்கத்திலேயே நிற்கப்போகிறேன்.

ரேணுகாம்பாள் டீச்சர் இன்றைக்கும் வந்தாள். "ஏம்மா, எட்டாவது படிச்சவ நீ, வெயில்ல காய்ஞ்சுகிட்டு கெடக்கறதுக்கு இந்த வேலை தேவலை இல்லையா? புருஷன் பேரை எழுதி, கையெழுத்தப் போட்டுக் குடு"ன்னு சொன்னாள். அங்கேதானே இடிக்கிறது. நான் அவர் பேரை வாயால் சொன்னதும் இல்லை, கையால் எழுதினதும் இல்லை. சொன்னால் புருஷன் ஆயுசு கம்மியாகும் என்று அம்மா சொல்லி வளர்த்தது உனக்கே தெரியும். ரேஷன் கடையில் கேட்டால்கூட, "பஞ்ச பாண்டவர்ல மூத்தவர்"னுதான் சொல்வேன். அவர் மூத்தவர், நீ கடைசி, நடுவில் மூணு பேர் எங்கே என்று கல்யாணத்தில் உன்னைக் கேலி செய்தார்களே, ஞாபகம் இருக்கிறதா?

டப்பா மேல் என்ன எழுதியிருந்தது? நீ சொன்ன ஒரு வாரம் முடிந்துவிட்டது.

உன் அக்கா


அடி அண்ணாமலை
3-10-1983

சகாதேவனுக்கு,

நாங்கள் சுகம். நீ சுகமா என்றே தெரியவில்லை. ஒரு மாசமாகக் கடிதம் இல்லை. தபால்காரரைக் கண்டாலே வாசலுக்கு ஓடுகிறேன். அவர் தூரத்திலேயே கையை விரித்துவிடுகிறார்.

படத்தை டவுனில் எடுத்துவிட்டார்கள். படப்பெட்டி தண்டராம்பட்டு சினிமாக் கொட்டாய்க்குப் போனது, நானும் போனேன். அங்கிருந்து செங்கம் போயிருக்கிறது. இந்த வாரம் நானும் செங்கம் போவேன். எட்டு தடவை ஆகிறது. படம் முழுக்க மழை பெய்கிற மாதிரி கோடு கோடாக இருக்கிறது, ஆனாலும் அவர் முகம் தெரிகிறது.

கார்டு போடவாவது கை இருக்கிறதா உனக்கு?

அக்கா


வடபழனி, சென்னை
11-10-1983

அக்காவுக்கு,

சகாதேவன் வணக்கம். நீயும் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். இங்கே உண்ணாமுலைக்குப் பதினைந்து நாளாகக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் எழுத முடியவில்லை. கோபித்துக்கொள்ளாதே.

அந்தப் படம் எடுத்தவர்கள் எல்லாரும் வெளியூரில் இருக்கிறார்கள். வந்ததும் கேட்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள். அந்தப் பாரத்தை எழுதிக் கொடுத்துவிடு. மாமா வந்தால் வரட்டும், யார் வேண்டாம் என்றது? அது வேறு, வேலை வேறு. படத்தை நம்பி வேலையை விடாதே அக்கா. படம் என்பது எங்கெங்கோ கிடந்ததை எடுத்து ஒட்டி வைப்பது. எனக்கு அதுதான் பிழைப்பு, எனக்குத் தெரியும். நீ பஸ் ஏறி ஊர் ஊராகப் போவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. பாரத்தை எழுது. கும்பிட்டுக் கேட்கிறேன்.

சகாதேவன்

அண்ணிக்கு உண்ணாமுலையின் நமஸ்காரம். இதை ஒட்டித் தபாலில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். ஓரத்தில் இடம் இருந்ததால் எழுதுகிறேன். எனக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை அண்ணி, கல் மாதிரி இருக்கிறேன். ஏன் இப்படி எழுதினார் என்று தெரியவில்லை. உங்களுக்கு எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துப் போட்டார். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்கிறார்.


அடி அண்ணாமலை
17-10-1983

சகாதேவனுக்கு,

உண்ணாமுலை கல் மாதிரி இருக்கிறாள் என்று தெரிந்து சந்தோஷம். இல்லாத காய்ச்சலை அவள் தலையில் ஏற்றின உன்னை என்ன சொல்ல? அக்காவுக்காக அரை நாள் விசாரிக்கச் சோம்பல், அதை மறைக்கப் பொய் வேறு!

என்னைக் கைவிடப்பட்டவள் ஆக்குவதற்கு உனக்கு ஏனப்பா இத்தனை அவசரம்? ஊரார் சொன்னால் பொறுத்துக்கொள்வேன். கூடப் பிறந்தவனே பாரத்தை எழுது, பாரத்தை எழுது என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? அவர் மனசில் நான் இல்லாமலா நம்ம ஊர் வழியாக நடந்தார்? மலையைச் சுற்ற வந்தவருக்குச் சுற்ற எத்தனையோ சாமி இருக்கிறது. நம்ம ஊர் மைல்கல்லைப் பார்த்து ஏன் சிரிக்க வேண்டும்?

செங்கத்துக்குக் கலாவையும் கூட்டிப்போய்க் காட்டினேன். அப்பனைப் பார்த்துவிட்டாள். எனக்கு அது போதும்.

உன்னிடம் சொல்ல மனசில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இந்தத் தடவை அவர் வந்துபோன பிறகு உட்கார்ந்து மிச்சப் படத்தையும் பார்த்தேன். ஒன்று உறுத்தியது. பன்னிரண்டு வருஷமாக இந்தப் பெண் என்னதான் சாப்பிட்டாள்? அவள் அடுப்பு மூட்டினதையே காட்டவில்லை. கோலம் போடுகிறாள், விளக்குத் துடைக்கிறாள், பாட்டுப் பாடுகிறாள். சரி, சினிமாதானே.

தீபம் முடியட்டும். அவரையும் கூட்டிக்கொண்டு உன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறேன். அப்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டும். அதுவரைக்கும் நீ எழுத வேண்டாம்.

ஆதிலட்சுமி


அடி அண்ணாமலை
7-11-1983

அன்புள்ள மாமாவுக்கு,

சந்திரகலா எழுதுவது. நான் நலம். அம்மா நலம். நீங்களும் அத்தையும் நலமா? காலாண்டுப் பரீட்சையில் கணக்கில் எழுபத்தொன்று வாங்கினேன்.

நான் எழுதுவது அம்மாவுக்குத் தெரியாது. தபால்தலைக்கு ராஜம்மா பெரியம்மா கொடுத்தாங்க. அம்மா உங்களை நிறையத் திட்டுது. திட்டிவிட்டு, "அவன் சின்னதுல என் சேலையைப் பிடிச்சிக்கினுதான் தூங்குவான்"னு சொல்லி அழுதுச்சு.

மாமா, நான் ஒரு பொய் சொல்லிவிட்டேன். படத்தில் அப்பாவைப் பார்த்தேன் என்று சொன்னேன். பார்க்கவில்லை. "அதோ, அதோ"ன்னு அம்மா என் தாடையைப் பிடித்துத் திருப்பியதில் முன்னால் இருந்தவர் மண்டைதான் தெரிந்தது. எனக்கு அப்பா முகம் ஞாபகம் இல்லை. மூணு வயசில் மொட்டை போட்டுத் தீபத்தன்று மலை சுற்றினபோது, எட்டு மைலும் அப்பாதான் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாங்களாம். அம்மா தினமும் அதைச் சொல்லும். சொல்லும்போது அம்மா முகம் அழகாக இருக்கும். அதனால்தான் பார்த்தேன் என்று சொன்னேன்.

வாசலில் வைக்கிற விளக்குக்கு எண்ணெய் ஜாஸ்தி செலவாகிறது. ரெண்டு மாசமாக எங்கள் வீட்டில் தாளிப்பு கிடையாது, குழம்பு மொட்டையாக இருக்கிறது. டிசம்பர் அஞ்சாம் தேதிதான் கடைசி, அதுக்கு மேல் பாரம் வாங்க மாட்டார்கள் என்று ரேணுகாம்பாள் டீச்சர் என்னிடம் சொன்னாங்க. அம்மா எங்கள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தால் எனக்குப் பிடிக்கும். நீங்கள் சொன்னால் அம்மா கேட்குமா?

உங்கள் மருமகள்
ஆ. சந்திரகலா என்று எழுதி அடித்துவிட்டேன், அம்மா பேர் இனிஷியலாக வராதாம்.
த. சந்திரகலா


அடி அண்ணாமலை
24-11-1983

தம்பி சகாதேவனுக்கு,

சுகமாக இருக்கிறாயா? நான் இருக்கிறேன். இந்தக் கடிதத்தை நிதானமாக எழுதுகிறேன், நீயும் நிதானமாகப் படி.

தீபத்தன்று காலை எட்டு மணிக்கே போய் மைல்கல் பக்கத்தில் நின்றேன். தூறல். தலையில் துண்டு கட்டின ஆம்பளைகள் ஆயிரம் பேர் போயிருப்பார்கள், ஒவ்வொரு புருவமாகப் பார்த்தேன். கலா இரண்டு தடவை வந்து கூப்பிட்டாள். ஆறு மணிக்கு மலைமேல் தீபம் தெரிந்தது, எல்லாரும் அரோகரா போட்டார்கள். நானும் போட்டேன். அவர் வரவில்லை.

தீபக் கூட்டத்துக்காக நம்ம ஊர்க் கொட்டாயில் அந்த விளக்குப் படத்தையே போட்டிருந்தார்கள். வராவிட்டால் போகட்டும், படத்திலாவது பார்த்துவிடலாம் என்று மறுநாள் முதல் ஆட்டத்துக்குப் போனேன். மணல் ஈரமாக இருந்தது. ராஜம்மாள் வர மாட்டேன் என்றுவிட்டாள். "போதும்டி ஆதி, அந்தப் பொம்பளையப் பார்த்தாலே எனக்கு இப்ப எரிச்சலாகுது" என்றாள்.

ரயில் வந்தது, கடற்கரை வந்தது, மலை வந்தது. அவர் வரவில்லை. படம் ஒரு குதி குதித்தது. திரை ஓரத்தில் அவர் முதுகு மட்டும் தெரிந்து மறைந்தது. போன ஊரிலேயே பிலிம் அறுந்து, கிழிந்த இடத்தை வெட்டிப் போட்டுவிட்டு ஒட்டிவிட்டார்களாம். அவர் முகம் அந்த வெட்டில் போய்விட்டது.

முகம் இல்லாததால் எனக்கு அழுகை வரவில்லை. அழுகை வராததால் கண் தெளிவாக இருந்தது. அதனால் மிச்சத்தைப் பார்த்தேன். அவர் போன பிறகு அந்தக் கூட்டத்தை இன்னும் கொஞ்ச நேரம் காட்டுகிறார்கள் தம்பி. மைல்கல் பக்கத்தில் ஒரு பெண் குனிந்து குழந்தைக்கு மூக்குத் துடைக்கிறாள். நிமிர்ந்து பார்க்கிறாள், புருஷன் முன்னால் போய்விட்டான் போல. குழந்தையை இடுப்பில் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கையில் தூக்குச்சட்டி ஆட, முந்தானை தரையில் இழுபட, லொங்கு லொங்கென்று ஓடுகிறாள். கூட்டத்தில் யார் மேலேயோ மோதிக்கொள்கிறாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. யாரடா இவள், இப்படி ஓடுகிறாள் என்று.

பச்சைச் சேலை, அரக்குக் கரை. அந்தச் சேலையை எனக்குத் தெரியும். எழுபத்தேழில் அதைக் கிழித்துத்தான் கலாவுக்குப் பாவாடை தைத்தேன். இடுப்பில் இருந்த குழந்தைக்கு மொட்டைத் தலை.

அது நான்தான்.

எழுபத்தைந்தாம் வருஷத் தீபம். அன்றைக்குக் கேமராக்காரன் நின்றதுகூட எனக்கு ஞாபகமில்லை. கலா கடலை கேட்டு ஒரே அழுகை, அதுதான் ஞாபகம். எட்டு மைலும் அவர் தோளில் தூக்கி வந்தார் என்று ஏழு வருஷமாக அந்தக் குழந்தைக்குச் சொல்லி வந்தேன். எனக்கே அப்படித்தான் ஞாபகம் இருந்தது. பொய் தம்பி. அவர் கையை வீசிக்கொண்டு போகிறார். தூக்கினது நான். அவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. கேமராவைப் பார்த்துச் சிரித்திருக்கிறார், அதை என்னைப் பார்த்த சிரிப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பதினொரு தடவை அந்தப் படத்தைப் பார்த்தேன். ஒரு தடவையாவது நான் என்னைப் பார்த்தேனா?

மறுநாள் காலையில் கொட்டாய்க்குப் போனேன். படம் ஓட்டுகிற சுப்பன், "அறுந்துபோச்சுக்கா, நான் இன்னா பண்ணட்டும்? ஓடி ஓடி நஞ்சிபோன படம்"னு சொல்லிவிட்டு, பெட்டி மூடியில் கிடந்த துண்டை எடுத்துக் கொடுத்தான். வெட்டினதில் மிச்சமிருந்தது விரல் நீளம்தான். வெயிலில் பிடித்துப் பார்த்தேன். முன்னால் அவர் சிரிக்கிறார். பின்னால் கடுகளவு பச்சை தெரிகிறது.

இப்போது கேட்கிறேன். டப்பா மேல் தேதி எழுதியிருக்கும் என்று நீதான் எழுதினாய். நீ கிழித்துப் போட்டதாக உண்ணாமுலை எழுதினாளே, அந்த மூன்று தாளில் என்ன இருந்தது?

அக்கா


வடபழனி, சென்னை
29-11-1983

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு வாய் இல்லை. விசாரித்ததாக வைத்துக்கொள்.

செப்டம்பர் இரண்டாம் தேதியே எனக்குத் தெரியும். படம் எடுத்தவர்கள் மலைக்கு வரவே இல்லை. யாரோ பழைய காலத்தில் தீபத்தை எடுத்து வைத்திருந்த துண்டு, அதை வாங்கிச் சேர்த்திருக்கிறார்கள். டப்பா மேல் 'கார்த்திகை 1975' என்று பென்சிலில் எழுதியிருந்தது. அதைத்தான் மூன்று தாளிலும் எழுதினேன். எழுதி முடித்ததும் நீ பதினெட்டு நாள் பட்டினி கிடந்த பாய் கண் முன்னால் வந்தது. நீ பூ வைக்கிறேன் என்று வேறு எழுதியிருந்தாய். கிழித்துப் போட்டேன். உண்மையைச் சொல்ல தைரியம் இல்லை, பாரத்தை எழுது என்று தொல்லை பண்ண மட்டும் தைரியம் இருந்தது. கலாவும் எனக்கு எழுதினாள், அதற்கும் பதில் எழுதத் தெரியவில்லை. நீ எழுத வேண்டாம் என்றதைச் சாக்காக வைத்துக்கொண்டேன். நான் செய்தது தப்பு அக்கா.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அந்தத் துண்டை விளக்கில் வைத்துக் கண்ணாடியால் பார்த்தபோது எனக்கு மாமா தெரியவில்லை. முதலில் நீதான் தெரிந்தாய். உன் சேலையைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவன் நான், நெகடிவில் நிறம் மாறியிருந்தாலும் நீ ஓடுகிற ஓட்டத்தை எனக்குத் தெரியாதா? உன்னையே பார்த்துக்கொண்டு இருந்தேன். மாமாவைத் தேடவேண்டும் என்ற நினைப்பே அப்புறம்தான் வந்தது.

திட்டி எழுது. ஆனால் எழுது. வேளாவேளைக்குச் சாப்பிடு.

சகாதேவன்


அடி அண்ணாமலை
6-12-1983

அன்புத் தம்பிக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். நான் சுகம். இது சும்மா எழுதுகிற சுகம் இல்லை, நேற்று ராத்திரி மூன்று கரண்டி சோறு அதிகம் சாப்பிட்டேன்.

உன்னைத் திட்டுவதற்கு நிறையச் சேர்த்து வைத்திருந்தேன். முதலில் நீதான் தெரிந்தாய் என்று எழுதியிருந்தாயே, அதை நாலு தடவை படித்தேன். திட்டு எல்லாம் கரைந்துபோனது. ஆனால் ஒன்று. இனிமேல் எனக்கு நல்லது என்று நினைத்து எதையும் மறைக்காதே. பதினெட்டு நாள் பட்டினி கிடந்தவள் பத்தொன்பதாம் நாள் எழுந்து மல்லாட்டைக் காட்டுக்குப் போனாள், அதையும் ஞாபகம் வைத்துக்கொள்.

வாசல் விளக்கை நிறுத்திவிட்டேன். அன்றைக்கே அந்த எண்ணெயில் கடுகு, வெங்காயம் போட்டுத் தாளித்தேன். கலா வாசனை பிடித்துக்கொண்டே ஓடிவந்து, "இன்னாம்மா, யாரு வராங்க?"ன்னு கேட்டாள். "யாரும் வரலை, நாமதான் சாப்பிடறோம்"னு சொன்னேன். எட்டு மைல் தூக்கினது யார் என்ற உண்மையையும் சொல்லிவிட்டேன். அவள் என் இடுப்பைத் தொட்டு, "உனக்கு இடுப்பு வலிச்சிருக்குமே" என்றாள். பிலிம் துண்டை அவளிடமே கொடுத்துவிட்டேன். அப்பன் முகம் அவளுக்குத் தெரிய வேண்டும், அது அவள் பங்கு.

படம் இன்னும் கொட்டாயில் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கடைசியாக ஒரு தடவை போய்ப் பார்த்தேன், இந்தத் தடவை அந்த விளக்குக்காரியைப் பார்க்கத்தான் போனேன். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, பாவம். ஆனால் கடைசியில் அவன் காலில் விழுந்து, அவள் அவன் தலையைத் தடவினபோது எனக்குப் பொறுக்கவில்லை. "பன்னண்டு வருஷம் வெளக்குக்கு எண்ணெய் வாங்குனது யாருன்னு கேளுடி!" என்று கத்திவிட்டேன். கொட்டாயே சிரித்தது. பெண்கள் பக்கத்தில் மட்டும் ரெண்டு பேர் சிரிக்கவில்லை, திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

நேற்று கடைசி நாள். அரிசிப் பானைக்கு அடியிலிருந்து பாரத்தை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ரேணுகாம்பாள் டீச்சர் மேஜையில் வைத்து எழுதினேன். 'கணவனால் கைவிடப்பட்டவர்' என்று நிறுத்தாமல் எழுதினேன். நடந்ததைத்தானே எழுதுகிறேன். டீச்சர் பாரத்தைப் பார்த்துவிட்டு, "கணவர் பேர் கட்டம் காலியா இருக்கே. கலாவைக் கூப்பிடறேன், அவ எழுதட்டும். நீதான் பேர் சொல்ல மாட்டியே" என்றாள். ஆறாம் வகுப்புக்கு ஆள் அனுப்பவும் எழுந்துவிட்டாள்.

"வேணாம் டீச்சர், உக்காருங்க"ன்னு சொன்னேன்.

ஆர்டர் வருகிறவரைக்கும் கூடமாட நின்று பழகிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை முதல் போகிறேன். நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகள். தாளிக்கிற எண்ணெய்க்குத் தனிக் கரண்டி இருக்கிறதாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். பொங்கலுக்கு உண்ணாமுலையைக் கூட்டிக்கொண்டு வா, அவள் இனிமேல் உன் கடிதங்களின் ஓரத்தில் தவறாமல் எழுத வேண்டும் என்று நான் சொன்னதாகச் சொல்.

அந்தக் கட்டத்தில் என்ன எழுதினேன் என்று கேட்பாய். நானேதான் எழுதினேன், என் கையெழுத்தில், அடித்தல் திருத்தல் இல்லாமல்: தருமன். நாலே எழுத்து. ஏழு வருஷமாக அவர் ஆயுசை நான் காப்பாற்றியாயிற்று தம்பி. இனிமேல் தருமன் ஆயுசைத் தருமன் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அக்கா
ஆதிலட்சுமி